ரெண்டு ஆறு, ரெண்டு பாலம், அம்மாவின் முழங்கால்

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். 9 நாள், 5 நாடு. லண்டனுக்கு ஒன்றரை நாள். முதல் நாள் காலையில் அரண்மனை வாசலில் போட்டோ, அப்புறம் ராட்சத ராட்டினம், மத்தியானம் மெழுகுச் சிலைகள், சாயங்காலம் கடைவீதி, மறுநாள் விடியற்காலை 5 மணிக்குப் பேருந்தில் ஏறினால் பாரிஸ். பாளையங்கோட்டையில் ஒரு பயண ஏற்பாட்டுக்காரர் கொடுத்தது. அம்மா அதை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி முழுசும் வாசித்தாள். வாசித்துவிட்டு, "இதுல எங்கட்டி உக்காருவாவ?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியில்தான் எங்கள் திட்டம் முழுக்க மாறிப்போனது.

அம்மாவுக்கு 66 வயது. முக்கூடல் பக்கத்தில் பிறந்தவள். பத்து வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவள், கல்யாணத்துக்குப் பிறகும், நாங்கள் படித்து முடிக்கும் வரைக்கும், மடியில் சொளவை வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தாள். ஒரே இருப்பில் அத்தனை வருஷம் காலை மடக்கி உட்கார்ந்த முழங்கால் இப்போது படி என்றால் பயப்படுகிறது. சமதளத்தில் நன்றாக நடப்பாள். ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம். இந்த மாதிரி ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு பெரிய வெளியூருக்கு முதல் தடவை போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள், மகளோ மகனோ கொஞ்சம் சம்பாதித்த பிறகு அம்மாவுக்கு விமானத்தைக் காட்ட வேண்டும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் நமக்குக் கிடைக்கிற யோசனைகள் எல்லாம் 25 வயதுக் கால்களுக்காக எழுதியவை. அதனால்தான் எங்கள் ஏற்பாடுகளை விலாவாரியாக எழுதுகிறேன்.

ஏன் லண்டன் என்றால், சித்தி மகள் கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறாள், தங்குமிடச் செலவு இல்லை. முதலில் அதுதான் காரணம். பாலம் பிறகுதான் வந்தது.

திருநெல்வேலிக்காரர்களுக்குச் சுலோச்சனா முதலியார் பாலத்தைச் சொல்லித் தெரிய வேண்டாம். வண்ணார்பேட்டைப் பக்கம் இருந்து ஜங்ஷன் போக தாமிரபரணியைத் தாண்டுகிறோமே, அதே பாலம். 1843இல் கட்டி முடித்தது. அதற்கு முன்னால் பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவில் ஆற்றில் வெள்ளம் வந்தால் படகுதான். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சனா முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். அவர் மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். சின்ன வயதில் நானும் அம்மாவும் சுலோச்சனா என்பது ஒரு பெண்ணின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். யாரோ ஒரு பெரிய மனுஷி பாலம் கட்டிப் போட்டிருக்கிறாள் என்று அம்மா என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பிறகுதான் அது ஆண் என்று தெரிந்தது. இருந்தாலும் நகையைக் கொடுத்தது அவர் மனைவிதானே என்று அம்மா விடவில்லை.

அந்தப் பாலத்தின் 11 வளைவுகளும் இரட்டைத் தூண்களும் லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தின் மாதிரியில் அமைந்தவை என்பது நம் ஊரில் எல்லாரும் பெருமையாகச் சொல்கிற சங்கதி. எனக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். ஆனால் போகப்போகிற ஊரில்தான் அது இருக்கிறது என்று மண்டையில் உறைத்தது அம்மா "எங்க உக்காருவாவ" என்று கேட்ட அன்றைக்கு ராத்திரிதான். உட்கார ஒரு இடம் தேடி வரைபடத்தில் ஆற்றங்கரையை மேய்ந்துகொண்டிருந்தேன், வாட்டர்லூ என்று பெயர் கண்ணில் பட்டது.

அன்றைக்கு ஒரு மணி வரைக்கும் தூங்கவில்லை. படித்துப் பார்த்தால், நம் பாலத்துக்கு மாதிரியாக இருந்த அந்தப் பாலம் இப்போது இல்லை. ஜான் ரென்னி என்ற பொறியாளர் கட்டிய கருங்கல் பாலம், 9 வளைவுகள், 1817 ஜூன் 18ஆம் தேதி திறந்தார்கள். அப்புறம் ஆற்றில் கொஞ்சம் கீழே இருந்த பழைய லண்டன் பாலத்தை இடித்தார்கள். அந்தப் பழைய பாலத்தின் நெருக்கமான தூண்கள் ஒரு அணைக்கட்டு மாதிரி தண்ணீரைத் தடுத்து வைத்திருந்தன. அது போனதும் நீரோட்டம் வேகமானது, வாட்டர்லூ பாலத்தின் அடியில் மண் அரித்தது, 1920களில் தூண்கள் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கிவிட்டன. 1934இல் இடிக்க ஆரம்பித்தார்கள். கீழே இருந்த ஒன்றை எடுத்ததால் மேலே இருந்தது போயிற்று. ஆற்றோடு வாழ்கிற நமக்கு இது புரியும். மணலை அள்ளினால் எது எது இறங்கும் என்று நாமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

இப்போது அங்கே நிற்பது இரண்டாவது பாலம். கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது, லண்டன் என்றாலே படத்தில் வருகிற சிவப்பு டெலிபோன் கூண்டை வடிவமைத்தவரும் அவர்தான். கட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் உலகப்போர் வந்துவிட்டது, ஆண்கள் போருக்குப் போனார்கள், பாலத்தில் வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். 1945 டிசம்பரில் முறைப்படி திறந்தபோது மேடையில் பாலத்தைக் கட்டிய ஆண்களைப் பாராட்டினார்கள், பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆற்றில் படகு ஓட்டுகிறவர்கள் மட்டும் அதைப் பெண்கள் பாலம் என்று சொல்லி வந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் அம்மாவிடம் சொன்னேன். தோசைக்கல்லை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டாள். "அப்போ அதத்தான் பாக்கணும்" என்றாள். சரி, திட்டத்தின் நடு கிடைத்துவிட்டது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வரட்டும் என்று தாளை மடித்து உள்ளே வைத்தேன்.

எந்த மாதம் போவது என்பதில் ரொம்ப நாள் ஓடியது. டிசம்பரில் டிக்கெட் மலிவாக ஒரு நாள் கண்ணில் பட்டது, ஆனால் லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரம்கூட இல்லை, சாயங்காலம் 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது, வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம், அதனால் பகல் வெளிச்சம் என்பதைத் திட்டத்தில் ஒரு கணக்காக எடுக்கவே நமக்குத் தோன்றாது. மே மாதம் என்று முடிவு செய்தோம். குளிரும் தாங்கும், பகலும் நீளம். மே நடுவில் அங்கே சூரியன் மறைய ராத்திரி எட்டே முக்கால் ஆகும் என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ எத்தன மணிக்குட்டி வெளக்கு வைக்கது?" என்றாள். இந்தக் கேள்விக்குப் பதில் எந்தப் பயணக் குறிப்பிலும் கிடையாது. சித்தி மகளிடம் கேட்டேன். அவள் அங்கே வேலையிலிருந்து வந்து ஆறரைக்கு வைத்துவிடுவாளாம், வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும். அம்மாவுக்கு அது சமாதானமாகவில்லை. இருட்டும்போது வைப்பதுதான் விளக்கு, நான் இருக்கிற நாள் மட்டும் ஒன்பது மணிக்கு வைக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பாஸ்போர்ட் எடுக்கத் திருநெல்வேலியிலேயே சேவா கேந்திரம் இருக்கிறது, அதில் சிரமம் இல்லை. பெயரில்தான் சிரமம். ஆதாரில் அம்மாவின் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு இனிஷியல். பாஸ்போர்ட்டில் அது அப்பாவின் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்துகொண்டது. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் ஆதாரைப் பார்த்து இனிஷியலோடு போட்டுவிட்டார், அதைத் திருத்த அலைந்த அலைச்சல் ரெண்டு வாரம். நம் ஆட்கள் எல்லாருக்கும் இது வரும். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ, ஒரு எழுத்து மாறாமல் அதேதான் டிக்கெட்டிலும் விசா விண்ணப்பத்திலும் இருக்க வேண்டும். போட்டுக் கொடுப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

விசா பற்றிக் கொஞ்சம். பார்வையாளர் விசாவுக்குப் புறப்படுவதற்கு 3 மாதத்துக்குள்தான் விண்ணப்பிக்க முடியும், அதற்கு முன்னால் முடியாது. முடிவு தெரியச் சாதாரணமாக 3 வாரம். அம்மாவுக்கு வருமானம் கிடையாது, அதனால் செலவு முழுக்க என்னுடையது என்று நான் ஒரு கடிதம், என் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு, அலுவலகத்தில் விடுப்புக் கொடுத்த கடிதம், சித்தி மகளின் அழைப்புக் கடிதம். தமிழில் உள்ள எந்தக் காகிதத்துக்கும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கணக்கில் பணம் நிறைய இருந்தால் நல்லது என்று நினைத்துக் கடைசி வாரத்தில் யாரிடமாவது வாங்கிப் பெரிய தொகையைப் போடாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பணம் இருப்பதைவிட, மாசாமாசம் வந்து போகிற கொஞ்சப் பணம் மேல்.

கைரேகைக்குச் சென்னை போக வேண்டும். இதற்குத்தான் நான் உண்மையிலேயே பயந்தேன். பீடி சுற்றிய கை அது. ரேஷன் கடை மெஷினில் அம்மாவின் விரல் பாதி நாள் பதியாது, அண்ணாச்சி துணியால் துடைத்து, எண்ணெய் தொட்டு, நாலு தடவை வைக்கச் சொல்வார். நம் மாவட்டத்தில் எத்தனையோ அம்மாக்களுக்கு இப்படித்தான். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க அம்மா கை விரல்களைத் தேய்த்துக்கொண்டே வந்தாள், ஒரு வாரமாகத் தேங்காய் எண்ணெய் போட்டு ஊற வைத்திருந்தாள். அங்கே இருந்த பெண் ரொம்பப் பொறுமை. மூன்றாவது தடவையில் பத்து விரலும் பதிந்தது. வெளியே வந்து ஒரு டீ குடித்தோம். அந்த டீயை அம்மா இன்னும் சொல்கிறாள்.

நெல்லையில் இருந்து வெளிநாடு போக ரெண்டு வழி. சென்னைக்குப் போய் அங்கிருந்து நேராக லண்டன், கிட்டத்தட்ட 11 மணி நேரம் ஒரே இருப்பு. அல்லது நாகர்கோவில் வழியாகக் காரில் திருவனந்தபுரம், அங்கிருந்து வளைகுடாவில் ஒரு இடம் மாறி லண்டன். எல்லாரும் நேர் விமானம்தான் சௌகரியம் என்றார்கள். நான் திருவனந்தபுரத்தைத் தேர்ந்தெடுத்தேன். துபாய்க்கு 4 மணி நேரம், இறங்கிக் காலை நீட்டி நடந்து, கழிப்பறை போய், சாவகாசமாக ஒரு காபி குடித்துவிட்டு, அப்புறம் ஏழரை மணி நேரம். முழங்காலுக்கு இதுதான் நல்லது. சக்கர நாற்காலி உதவி டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்கிவிட்டேன், அதற்குத் தனிப் பணம் கிடையாது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நான் நல்லாத்தானட்டி நடக்கேன்" என்று ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பெரிய விமான நிலையத்தில் நடை எவ்வளவு என்று புரிய வைக்க, டவுனில் நாலு ரத வீதியையும் ஒரு தடவை சுற்றி வருகிற மாதிரி, அதுவும் கையில் பையோடு, என்று சொன்னேன். நெல்லையப்பர் தேர்ச் சுற்று அவளுக்குத் தெரியும். சரி என்றாள்.

இந்த முறையை அப்புறம் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டேன். லண்டன் வரைபடத்தில் கிலோமீட்டர் சொன்னால் அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடாது. இது ஜங்ஷனில் இருந்து ஈரடுக்குப் பாலம் ஏறி இறங்குகிற தூரம், இது வண்ணார்பேட்டையில் இருந்து பாளை மார்க்கெட், என்று எழுதி வைத்தால் அவளே எது முடியும் எது முடியாது என்று அடித்துவிடுகிறாள். நான் போட்ட பட்டியலில் பாதி அப்படித்தான் போனது. டவர் ஆஃப் லண்டன் என்கிற கோபுரக் கோட்டை போனது. ராட்டினமும் போனது.

பாதாள ரயில் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். உலகத்திலேயே முதல் பாதாள ரயில் அங்கேதான், 1863. பழசு என்பதால் நிறைய நிலையங்களில் லிப்ட் கிடையாது, படிதான். படி இல்லாத நிலையங்களுக்கென்று தனி வரைபடமே வைத்திருக்கிறார்கள், அதை அச்செடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தாயிற்று. 2022இல் திறந்த எலிசபெத் லைனில் எல்லா நிலையத்திலும் படி ஏறாமலே நடைமேடை வரைக்கும் போகலாம், ஹீத்ரோ விமான நிலையத்தில் இருந்து கிழக்கு லண்டன் பக்கம் வருவதற்கு அதுதான் எங்களுக்கு வழி. மற்றபடி பேருந்து. மாடிப் பேருந்தில் மேலே போகாவிட்டாலும் கீழ்த்தளத்திலேயே பெரியவர்களுக்கு முன்னால் இருக்கை இருக்கும். டிரபால்கர் சதுக்கத்துப் பக்கம் இருந்து 15ஆம் நம்பர் பேருந்து செயின்ட் பால் தேவாலயம், கோபுரக் கோட்டை என்று வரிசையாகக் காட்டிக்கொண்டு போகும், இறங்காமலே பார்த்துவிடலாம். பேருந்தில் காசு வாங்கமாட்டார்கள், கார்டைத் தொட வேண்டும், ஆளுக்கு ஒரு கார்டு. ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம்தான். நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே கிடக்கும், கிளம்புவதற்கு முன்னால் செயலியில் போய்த் திறந்துவிடுங்கள்.

காப்பீடு கட்டாயம் எடுங்கள், இருக்கிற நோயைச் சொல்லியே எடுங்கள். மாத்திரைச் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அல்வா கொண்டுபோகவில்லை. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. இந்தியாவில் இருந்து போகிறவர்கள் இறைச்சியும் பால் பொருளும் எடுத்துப் போகக் கூடாது என்பது அங்கத்திய சட்டம், நெய்யும் பாலில் இருந்து வந்ததுதானே. திருநெல்வேலியில் இருந்து வருகிறோம், அல்வா இல்லாமல் எப்படிப் போய் நிற்பது என்று அம்மா ஆற்றாமையோடு கேட்டாள். சித்தி மகள் போனிலேயே சொல்லிவிட்டாள், அல்வா வேண்டாம் பெரியம்மா, உடன்குடிக் கருப்பட்டி கொண்டு வாங்க என்று. கறிவேப்பிலையும் கூடாது, அது அங்கேயே கிடைக்கிறதாம்.

அருங்காட்சியகம் ஒன்றே ஒன்று வைத்திருக்கிறோம். பிரிட்டிஷ் மியூசியம், உள்ளே போகக் கட்டணம் கிடையாது, அதனால் ரெண்டு மணி நேரத்தில் எழுந்து வந்தாலும் வருத்தம் இல்லை. அம்மாவுக்கு அங்கே இருக்கிற நடராஜரைப் பார்க்க வேண்டும். எனக்கு ஒரு நாள் ஆக்ஸ்போர்டு. சாயர்புரத்தில் இருந்து தமிழ் படித்து, 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜி.யு. போப் அங்கேதான் அடக்கம் ஆகியிருக்கிறார், லண்டன் பாடிங்டன் நிலையத்தில் இருந்து ரயிலில் ஒரு மணி நேரம். அன்றைக்கு அம்மா ஈஸ்ட்ஹாமில் ஓய்வு, நான் மட்டும் போய் வருவேன். ஒன்றாகப் போனால் எல்லா நாளும் ஒன்றாகவே அலைய வேண்டும் என்று இல்லை. இதை ஏற்றுக்கொள்ள எனக்குத்தான் நேரம் எடுத்தது, அம்மா உடனே சரி என்றாள்.

மற்ற நாட்களெல்லாம் காலையில் ஒரு வேலை, சாயங்காலம் ஒன்றும் இல்லை. முதல் நாள் எதுவுமே இல்லை, மேற்கே போகிறோம், நாலரை மணி நேரம் பின்னால், விடியற்காலை மூணுக்கே முழிப்பு வரும்.

பாலத்துக்கு மட்டும் ஒரு சாயங்காலம் முழுசாக ஒதுக்கியிருக்கிறேன். வடகரையில் பேருந்தில் இறங்கி, ஏழு மணி வெயிலில் தென்கரைக்கு நடக்க வேண்டும். தேம்ஸ் அந்த இடத்தில் வளைகிறது, அதனால் நடுப்பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம், மறுபக்கம் நாடாளுமன்றமும் மணிக்கூண்டும், ரெண்டும் தெரியும். கடல் ஏற்றம் அதுவரைக்கும் வருகிற ஆறு, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தண்ணீர் திரும்பி மேல் நோக்கி ஓடும், ஏழு மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும். பாலத்தின் மேல் போர்த்தியிருக்கிற போர்ட்லண்ட் கல் மழை பெய்தால் தானே கழுவிக்கொண்டு வெள்ளையாகும். தென்கரையில் பாலத்துக்கு அடியிலேயே பழைய புத்தகக் கடை போடுகிறார்கள். பக்கத்தில் உட்கார நிறைய இடம் இருக்கிறது.

ஒரு மாதமாக அம்மா தினமும் காலையில் பயிற்சி எடுக்கிறாள். கொக்கிரகுளம் பக்கம் ஆட்டோவில் போய் இறங்கி, நம் பாலத்தில் அந்தக் கரை வரை நடந்து திரும்பி வருவோம். போய்வந்தால் வாட்டர்லூ பாலத்தை ஒரு தடவை கடந்ததற்கு மேலேயே வரும். முதல் வாரம் நடுவில் மூன்று தடவை நின்றாள். இன்றைக்கு ஒரே தடவைதான் நின்றாள், அதுவும் கால் வலித்து இல்லை. 2023 மார்கழி வெள்ளம் பற்றிப் பேச்சு வந்தது, அப்போது தண்ணீர் எந்த அளவு வந்தது என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழே ரெண்டு பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்க எத்தன வளவு?"

"பழசுல ஒம்பது இருந்துச்சாம்மா. இப்ப இருக்கதுல அஞ்சு."

"நம்மளுதுல?"

"பதினொண்ணு."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் நடக்க ஆரம்பித்தாள்.